நகராட்சி இடம் மத்திய அரசுக்குப் போகிறதா? கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

"எங்கள் நகராட்சிக்குச் சொந்தமான காலி மனையில் தபால் நிலையம் கட்ட மத்திய அரசு இடம் கேட்டிருக்கிறது. அடுத்த மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறதாம். கொடுக்கலாமா, கூடாதா?" வார்டு உறுப்பினர்களும் குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தபால் நிலையம் என்பதற்குப் பதிலாக வருமான வரி அலுவலகம், கேந்திரிய வித்யாலயா, இ.எஸ்.ஐ. மருத்துவமனை, பாஸ்போர்ட் சேவை மையம் என்று இடத்துக்கு இடம் கட்டடம் மாறும், கேள்வி மாறுவதில்லை.

கொடுப்பதில் தவறில்லை. ஊருக்குப் பயன்படும் கட்டடத்துக்கு ஊரின் இடம் போவது நியாயமே. ஆனால் இடம் போன பிறகும் எந்தெந்த உரிமை நகராட்சியின் கையில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதைக் காப்பாற்றக்கூடிய ஆவணத்தின் வழியாகவே கொடுக்க வேண்டும். கைமாறிய பிறகு நிபந்தனை சேர்ப்பது நடைமுறையில் முடியாத காரியம்.

மத்திய அரசு ஏன் கேட்கிறது?

நகரங்களுக்குள் மத்திய அரசுத் துறைகளிடம் சொந்த இடம் குறைவு. வாடகைக் கட்டடத்தில் இயங்கும் அலுவலகத்துக்கு நிரந்தர இடம் தேடும்போது, தனியாரிடம் வாங்குவதைவிட உள்ளாட்சி அமைப்பிடமோ மாநில அரசிடமோ கேட்பது எளிது. சில திட்டங்களில் இடம் தருவதே முதல் நிபந்தனை. உதாரணமாக, ஓர் ஊருக்குப் புதிதாகக் கேந்திரிய வித்யாலயா வேண்டுமென்றால் இடத்தை இலவசமாகவோ பெயரளவுக் குத்தகைக்கோ கொடுத்து, நிரந்தரக் கட்டடம் எழும் வரை வகுப்பு நடத்தத் தற்காலிகக் கட்டடமும் தரும்படி கேட்பது வழக்கம்.

"மத்திய அரசு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?" என்ற அச்சம் பலருக்கு உண்டு. மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்தைக்கூடக் கையகப்படுத்த வழிசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாம் என்று, நிலக்கரி நிலம் பற்றிய மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் ஒரு தபால் நிலையத்துக்கோ பள்ளிக்கோ அந்த வழியில் யாரும் வருவதில்லை. வருவது ஒரு கோரிக்கைக் கடிதம். அதற்கு ஒப்புக்கொள்ளவும், மறுக்கவும், மாற்று இடம் காட்டவும், நிபந்தனை சொல்லவும் மன்றத்துக்கு இடமுண்டு.

முதலில், இடம் யாருடையது?

நகராட்சி வேலி போட்டு, பெயர்ப் பலகை நட்டிருப்பதாலேயே இடம் நகராட்சிக்குச் சொந்தமாகிவிடாது. நகராட்சியின் கையில் இருக்கும் இடங்களைப் பொதுவாக நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நகராட்சி விலைக்கு வாங்கியது அல்லது அரசாணை மூலம் முழு உரிமையோடு பெற்றது. இதை மாநில அரசின் ஒப்புதலோடு கொடுக்க முடியும். இரண்டாவது, அரசுப் புறம்போக்கு. சாலை, வடிகால் போன்றவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டுமே நகராட்சியுடையது. மண்ணின் உரிமை மாநில அரசுடையது. இதை மன்றத் தீர்மானத்தால் கொடுக்க முடியாது. வருவாய்த் துறை வழியாக நில உரிமை மாற்றம் (அரசு நிலத்தின் உரிமையை வேறொரு அமைப்புக்கு முறைப்படி மாற்றும் ஆணை) நடக்க வேண்டும்.

மூன்றாவது, மனைப்பிரிவு போட்டவர்கள் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒப்படைத்த திறந்தவெளி ஒதுக்கீடு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காடு இடத்தை இப்படி ஒப்படைத்தாக வேண்டும். அதில் கட்டடம் எழுப்பக் கொடுப்பது வழக்கை வரவழைத்துக்கொள்வதாகும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்த ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 1991இல் ஏற்கவில்லை. அது தனியார் மருத்துவமனை என்றாலும், பூங்கா அந்தப் பகுதி மக்களுக்குரியது என்ற அடிப்படை இங்கும் பொருந்தும்.

நான்காவது, தனியார் தானமாகத் தந்தது, அல்லது கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமாக இருந்தும் நகராட்சியின் அனுபவத்தில் இருப்பது. தானப் பத்திரத்தில் "சத்திரத்துக்கு மட்டும்", "பள்ளிக்கு மட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் நிலமானால் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி வேண்டும். நகராட்சி அதைக் கொடுக்கவே முடியாது.

நீர்நிலை என்று பதிவான இடம் எவ்வளவு வறண்டு கிடந்தாலும் இந்தப் பேச்சுக்கே வரக்கூடாது. சென்னை வள்ளுவர் கோட்டம் நின்றிருக்கும் தரை ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் ஏரி. அந்தக் காலத்தில் ஏரியைத் தூர்த்துக் கட்டுவது வளர்ச்சியாகத் தெரிந்தது. இன்று நீர்நிலைகளையும் பொது நிலங்களையும் காக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2001இலும் 2011இலும் வந்துவிட்டன. ஏரிகள் பாதுகாப்புக்கெனத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டடம் எழுந்தால் வழக்கும் வரும், வெள்ளமும் வரும்.

ஆவணத்தை எப்படிப் படிப்பது?

நகர நில அளவைப் பதிவேட்டின் (வார்டு, பிளாக், நகர அளவை எண் வாரியாக நிலத்தின் தன்மையையும் உரிமையாளரையும் சொல்லும் பதிவேடு) நகலை முதலில் கேளுங்கள். நகர அளவை நடக்காத பகுதியானால் 'அ' பதிவேடு (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு). அதில் மூன்று கட்டங்களைக் கவனித்தால் போதும்: உரிமையாளர் பெயர், வகைப்பாடு, பரப்பு.

வகைப்பாட்டில் 'குளம்', 'வாய்க்கால்', 'மயானம்', 'மேய்க்கால்' என்ற சொல் ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இன்றைய பதிவேட்டில் 'காலியிடம்' என்றிருந்தால் பழைய நில அளவைப் பதிவேட்டையும் கேளுங்கள். அதில் 'குட்டை' என்றிருந்து இடையில் மாறியிருந்தால், எந்த ஆணையின்படி மாறியது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

பரப்பில் அடிக்கடி குழப்பம் வரும். பதிவேட்டில் 0.40.50 என்றிருந்தால் 0 ஹெக்டேர், 40.50 ஏர் என்று படிக்க வேண்டும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர். ஆக மொத்தம் 4,050 சதுர மீட்டர், ஏறத்தாழ 1 ஏக்கர். மன்றப் பொருளில் "சுமார் ஒரு ஏக்கர்" என்று எழுதிவிட்டு, வரைபடத்தில் பக்கத்துச் சந்தையையும் சேர்த்து 1 ஏக்கர் 20 சென்ட் காட்டியிருந்தால், அந்த 20 சென்ட் பிற்காலத் தகராறுக்கு விதை. 'சுமார்' என்ற சொல் தீர்மானத்தில் இருக்கவே கூடாது.

புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் காலி என்றிருக்கும் இடத்தில் பாதாளச் சாக்கடைக் குழாய், குடிநீர்ப் பிரதானக் குழாய், தள்ளுவண்டிக் கடைகள், பின் தெருவுக்குக் குறுக்கு வழி எல்லாம் இருக்கும். குழாயைப் பழுதுபார்க்க உள்ளே போகும் உரிமையையும் பொதுமக்களின் வழிப்பாதையையும் ஆவணத்தில் எழுதாவிட்டால், சுற்றுச்சுவர் எழும்பும் நாளில் இரண்டும் போய்விடும். சாலையோர வியாபாரிகள் இருந்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை இடம் மாற்ற 30 நாள் அறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது.

வாங்குவது யார்?

'மத்திய அரசு' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அஞ்சல் துறையும் வருமான வரித் துறையும் மத்திய அரசின் துறைகள். இவற்றுக்கான ஆவணம், அரசமைப்புச் சட்டத்தின் 299ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரில், அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலரின் கையெழுத்தோடு அமைய வேண்டும். உள்ளூர் போஸ்ட்மாஸ்டர் பெயரில் எழுதினால் பயனில்லை.

கேந்திரிய வித்யாலயா சங்கதன் ஒரு பதிவு பெற்ற சங்கம். இ.எஸ்.ஐ. கழகமும் இந்திய விமான நிலைய ஆணையமும் தனிச் சட்டத்தால் உருவானவை. பி.எஸ்.என்.எல். ஒரு நிறுவனம். தொலைத்தொடர்புத் துறையாக இருந்தது 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் நிறுவனமாயிற்று. ஊர் ஊராகத் தொலைபேசி இணைப்பகத்துக்கு இடம் கொடுத்தவர்கள், துறைக்குக் கொடுத்தது ஒருநாள் நிறுவனத்தின் கைக்குப் போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அதனால் வாங்குபவரின் இன்றைய முகத்தை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். நாளை அது நிறுவனமாக மாறினால், தனியாருக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் ஒப்படைப்பதில் மாநில அரசு எழுப்பிய கேள்வியும் இதுவே: நிலையம் பின்னாளில் தனியாருக்குப் போனால், கொடுத்த நிலத்தின் மதிப்பு யாருக்குச் சேரும்?

எந்த வடிவில் கொடுப்பது?

விற்பனை, தானம், பரிவர்த்தனை (நிலத்துக்குப் பதில் நிலம்), குத்தகை, அனுமதி (உரிமை எதுவும் தராமல் பயன்படுத்த மட்டும் விடுவது) என்று ஐந்து வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே நகராட்சியின் கையில் மிஞ்சுவது எது என்பது அமையும்.

விற்றுவிட்டால் விலை கிடைக்கும்; பிடி போய்விடும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, முழு உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டு "வேறு யாருக்கும் விற்கக் கூடாது" என்று போடும் முழுத் தடை செல்லாது. "இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்" என்ற கட்டளையும் 11ஆம் பிரிவின்படி பெரும்பாலும் நிற்காது. எனவே கிரயப் பத்திரத்தில் பத்து நிபந்தனைகளை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். விற்பதானால் சந்தை மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பு) சந்தை விலைக்கு ஈடாகாது.

தானத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதே சட்டத்தின் 126ஆம் பிரிவு, கொடுப்பவரின் விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்ச்சி நடந்தால் தானம் ரத்தாகும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ள இடம் தருகிறது. "குறித்த காலத்துக்குள் தபால் நிலையம் கட்டப்படாவிட்டால் ரத்து" என்று எழுதலாம். "நகராட்சி விரும்பும்போது ரத்து" என்று எழுதினால் செல்லாது. தானப் பத்திரத்தைப் பதிவு செய்வதும் இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுவதும் கட்டாயம்.

பெரும்பாலான நகராட்சிகளுக்கு ஏற்றது குத்தகைதான். நிலத்தின் உரிமை நகராட்சியிடமே இருக்கும். நிபந்தனைகளுக்கும் சட்ட பலம் உண்டு. ஆனால் இங்கே இரண்டு வரிகள் விட்டுப்போகக் கூடாது. ஒன்று, உள்குத்தகைத் தடை. ஒப்பந்தத்தில் தடுக்காவிட்டால், குத்தகைதாரர் தன் உரிமையை மற்றவருக்கு மாற்றித் தரச் சட்டத்தின் 108ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. இரண்டாவது, மறுநுழைவு உரிமை (நிபந்தனை மீறப்பட்டால் இடத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை). நிபந்தனையை மட்டும் எழுதிவிட்டு, மீறினால் திரும்ப எடுப்போம் என்று வெளிப்படையாக எழுதாவிட்டால் 111ஆம் பிரிவு கைகொடுக்காது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மத்திய அரசு கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வைக்கு 1899ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த விலக்கைக் காட்டி "பதிவே தேவையில்லை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

வரி விஷயம்

தீர்மானத்தின்போது யாரும் பேசாத, பிறகு ஆண்டுதோறும் நகராட்சியைக் கடிக்கும் விஷயம் இது. அரசமைப்புச் சட்டத்தின் 285ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி விதிக்க முடியாது. இடத்தின் உரிமை கைமாறியதும் அந்த மனைக்கும் அதில் எழும் கட்டடத்துக்கும் சொத்து வரி கிடையாது. ஆனால் குப்பை அள்ளுவதும், தெருவிளக்கு எரிப்பதும், வடிகால் தூர்வாருவதும் நகராட்சியின் செலவுதான்.

இதற்கு வழி இருக்கிறது. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2009 நவம்பரில் முடிந்தபோது, மத்திய அரசுக் கட்டடங்கள் வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு உறுதியானது. நகராட்சியின் எல்லாச் சேவைகளையும் பெற்றால், வழக்கமான சொத்து வரியில் 75 விழுக்காடு; ஒரு பகுதியை மட்டும் பெற்றால் 50; எதையும் நேரடியாகப் பெறாவிட்டாலும் 33⅓ விழுக்காடு. ஒரு கட்டடத்துக்குத் தனியாராக இருந்தால் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் வரி வரும் என்று வையுங்கள். முழுச் சேவைக்கு 6 லட்சமும், பகுதிச் சேவைக்கு 4 லட்சமும் கேட்கலாம். ஆனால் இது தானாக வந்து சேராது. இரு தரப்பும் ஒப்பந்தம் போட வேண்டும். நகராட்சி கேட்புச் சீட்டு அனுப்ப வேண்டும். இட ஒப்படைப்போடு சேர்த்தே இந்த ஒப்பந்தத்தையும் முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது தனிச் சட்ட அமைப்போ நிறுவனமோ ஆனால் நிலைமை வேறு. மத்திய அரசுக்குச் சொந்தமான அமைப்பு என்பதாலேயே அதன் சொத்து மத்திய அரசின் சொத்தாகிவிடாது என்று, டம்டம் நகராட்சி வழக்கிலும் (1995) இந்திய உணவுக் கழகத்தின் வழக்கிலும் (1999) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர்களிடம் முழுச் சொத்து வரி கேட்கலாம். "நாங்களும் மத்திய அரசுதான்" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம்.

எச்சரிக்கை அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் தீர்மானத்தை ஒத்திவைக்கக் கேளுங்கள்:

1. மன்றப் பொருளில் நகர அளவை எண், பரப்பு, நான்கெல்லை இல்லை. "பேருந்து நிலையம் அருகிலுள்ள காலியிடம்" என்று மட்டும் இருக்கிறது.
2. நோக்கம் "பொதுப் பயன்பாட்டுக்கு" என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறது.
3. கேட்கும் துறையின் கடிதத்தில் கட்டடத்தின் பரப்பும், நிதி ஒப்புதலும், கால அட்டவணையும் இல்லை.
4. பொருள் நிகழ்ச்சி நிரலில் வராமல் கூட்டத்தில் திடீரென மேசைப் பொருளாக (அவசரப் பொருளாக) வருகிறது.
5. தீர்மானத்துக்கு முன்பே அடிக்கல் நாட்டு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

மூன்றாவது அறிகுறியை அலட்சியப்படுத்த வேண்டாம். இடம் கொடுத்ததும் கட்டடம் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு இடம் முடிவானது 2018இல். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. முழு அளவிலான கட்டுமானம் தொடங்கியது 2024இல். பெரிய திட்டத்துக்கே இப்படியென்றால், ஒரு சிறு அலுவலகத்தின் கோப்பு எந்த மேசையில் எத்தனை ஆண்டு கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் வேலி போட்ட மனையில் முட்செடி வளரும். ஊருக்கு வேறு தேவை வந்தாலும் தொட முடியாது.

தீர்மானம் எப்படி இருக்க வேண்டும்?

மோசமான தீர்மானம் இப்படி இருக்கும்: "மத்திய அரசு அலுவலகம் கட்ட நகராட்சிக்குச் சொந்தமான இடத்தை வழங்க மன்றம் அனுமதிக்கிறது."

அதையே இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இன்ன வார்டு, இன்ன பிளாக், இன்ன நகர அளவை எண்ணில் உள்ள 1,200 சதுர மீட்டர் இடத்தை, இணைப்பு வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் காட்டியபடி, அஞ்சல் துறையின் தபால் நிலையக் கட்டடம் என்ற ஒரே நோக்கத்துக்கு, இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரில் 30 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட, அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டு மன்றம் பரிந்துரைக்கிறது. ஒப்படைத்த 3 ஆண்டுகளுக்குள் கட்டுமானம் தொடங்காவிட்டாலும், நோக்கம் மாறினாலும், பிறருக்கு மாற்றப்பட்டாலும் இடத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை நகராட்சிக்கு உண்டு. மேற்குப் பக்கத்து 3 மீட்டர் வழிப்பாதையும் அதன் கீழுள்ள குடிநீர்க் குழாயும் நகராட்சியின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். சேவைக் கட்டண ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே இடம் ஒப்படைக்கப்படும்."

இதிலுள்ள எண்கள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் இடத்துக்கேற்ப மாறும். அமைப்பு மாறக் கூடாது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய 1920ஆம் ஆண்டு நகராட்சிகள் சட்டத்தின் பிரிவைக் காட்டித் தீர்மானம் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

சில இடங்களில் உரிமை மாறும் முன்பே நில நுழைவு அனுமதி (உரிமை கைமாறாமல், பணி தொடங்க மட்டும் உள்ளே விடுவது) கேட்பார்கள். அவசரமென்றால் கொடுக்கலாம். ஆனால் கடிதத்தில் கால வரம்பும், "இதனால் நிலத்தில் எவ்வித உரிமையும் ஏற்படாது" என்ற வரியும் இருக்க வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு நிபந்தனை பேச உட்கார்ந்தால் பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

குடியிருப்போர் செய்யக் கூடியவை

ஆட்சேபம் இருந்தால் முதலில் தகவலைச் சேகரியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கோரிக்கைக் கடிதம், மன்றப் பொருள், பதிவேட்டு நகல், வரைபடம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "இது தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் அலைக்கழிப்புதான் மிஞ்சும்.

அடுத்து, பகுதி சபையிலும் வார்டு உறுப்பினர் வழியாகவும் ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். மனுவில் எதிர்ப்பை மட்டும் எழுதாமல் மாற்று இடத்தின் அளவை எண்ணையும் குறிப்பிட்டால் அலுவலர்கள் நின்று படிப்பார்கள். இவ்வளவும் செய்தும் பூங்காவோ நீர்நிலையோ கைமாறும் நிலை வந்தால் மட்டும், வழக்கறிஞர் வழியாக உயர் நீதிமன்றத்தை அணுகுங்கள்.

பதற்றமும் குறுக்கு வழியும் வேண்டாம்

"நம்ம மைதானத்தை டெல்லிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் சாலை மறியலுக்குக் கிளம்ப வேண்டாம். தீர்மானம், அரசாணை, ஆவணப் பதிவு, ஒப்படைப்பு என்று பல படிகள் இருக்கின்றன. மன்றத் தீர்மானம் மட்டும் நிறைவேறியிருந்தால் நிலம் இன்னும் போகவில்லை. திருத்த நேரம் இருக்கிறது.

சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சூலத்தை நட்டு, செங்கலை அடுக்கிச் சாமி வைத்துவிட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்று யோசனை சொல்வார்கள். கொடி நடுவதும் குடிசை போடுவதும் இதே ரகம். புறம்போக்கில் அது ஆக்கிரமிப்பு. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நோட்டீஸ் வரும். நியாயமான ஆட்சேபம் வைத்திருந்தவர்கள் எதிர்மனுதாரர்களாக நிற்க நேரிடும்.

அலுவலகத் தரப்பிலும் குறுக்கு வழிகள் உண்டு. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொள்வது நில உரிமையை மாற்றாது. "99 வருஷக் குத்தகைன்னா சொந்தம் மாதிரிதான், நிபந்தனை எதுக்கு?" என்ற பேச்சும் தவறு. 99 ஆண்டுகளில் துறைகளும் தேவைகளும் பலமுறை மாறும் என்பதால்தான் நிபந்தனை வேண்டும்.

ஒப்படைத்த பிறகு

ஆவணம் பதிவானதும் நகராட்சியின் அசையாச் சொத்துப் பதிவேட்டில் அன்றே குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். இடத்தின் ஒரு பகுதி மட்டும் போனால் உட்பிரிவு செய்து (ஒரே அளவை எண்ணைப் பிரித்துத் தனி எண் கொடுத்து) எல்லைக் கல் நட வேண்டும். மீதி இடத்தின் பதிவு நகராட்சியின் பெயரிலேயே தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்படைப்புச் சான்றில் தேதி இருக்கிறதா என்று சரிபாருங்கள். "3 ஆண்டுகளுக்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும்" என்ற கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போது துறைக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதை வருவாய்ப் பிரிவின் நாள்குறிப்பில் இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். காரணம் நியாயமானால் கால நீட்டிப்புக் கொடுக்கலாம். அதையும் தீர்மானத்தோடும் புதிய தேதியோடும் எழுத்தில் கொடுங்கள். நிபந்தனை மீறலைக் கண்டும் நகராட்சி பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பின்னாளில் எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும். சேவைக் கட்டணக் கேட்புச் சீட்டு ஒவ்வொரு நிதியாண்டும் போகிறதா என்று தணிக்கை அறிக்கையில் பாருங்கள். போகவில்லை என்றால் அடுத்த மன்றக் கூட்டத்தில் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.